காலியாக விட்ட மேல் வரி

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். நீயும் உன் முட்டிவலியும் உன் கண்ணாடிக் கடையும் எப்படி இருக்கிறீர்கள்? மூன்று மாதமாக எழுதாததற்கு என்னை வைது முடித்திருப்பாய். மிச்சம் இருந்தால் நேரில் பார்க்கும்போது வைத்துக்கொள்ளலாம்.

நல்ல சேதி ஒன்று. அக்டோபரில் புதிர்ச் சங்கத்தின் கூட்டத்தில் கிழவரின் கடைசிப் பாட்டை பியானோவில் வாசிக்கப் போவது உன் தம்பிதான். நாம் சின்ன வயதில் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, கீழ்க் கட்டைகளை நீயும் மேல் கட்டைகளை நானுமாக அடித்து நாசம் செய்தோமே, அதே பாட்டு. ஐம்பது வயதைக்கூடப் பார்க்காமல் செத்துப்போனவரை நாம் ஏன் கிழவர் என்று கூப்பிட்டோம்? படத்தில் தாடி இருந்ததாலா?

நீ எல்லாவற்றையும் மறந்திருப்பாய், அதனால் சொல்கிறேன். பியானோ பாட்டுக்குத் தாளில் இரண்டு வரி போதும், கைக்கு ஒன்று. கிழவர் அவற்றுக்கு மேலே மூன்றாவது வரி ஒன்று போட்டு, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அதில் ஒரு சுரம்கூட எழுதாமல் விட்டுவிட்டார். 'மேலே போகும் மெட்டு தனி' என்று ஓரத்தில் குறிப்பு. அடுத்த வருஷம் ஆளும் போய்விட்டார். அந்த மெட்டு எது என்று அன்றிலிருந்து எல்லோரும் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். வருஷா வருஷம் சங்கத்துக்கு விடைகள் வருகின்றன. அத்தனையையும் நான் இப்போதே வாசித்துப் பார்க்க வேண்டும். ஒரு ரயில் ஓட்டுநர், அது பழைய எஞ்சினின் ஊதல் என்கிறார். ஒரு பேராசிரியர் சுரங்களைக் கூட்டிக் கழித்து ஒரு பெண்ணின் பெயரைக் கண்டுபிடித்திருக்கிறார். அந்தப் பெண் கிழவர் செத்தபோது தொட்டிலில் இருந்தாள் என்று இன்னொருவர் மறுப்பு எழுதியிருக்கிறார். ஒரு பாட்டு டீச்சர் தாலாட்டு என்கிறாள். 'ஒன்றுமே இல்லை, அந்த மௌனம்தான் மெட்டு' என்று எழுதிய மனுஷனைப் போன வருஷம் மேடையிலேயே அடிக்கப் போனார்களாம்.

இன்னொன்று. சிரிக்காதே. நேற்று சாயங்காலம் வாசித்துக்கொண்டிருந்தபோது மேல் வரி எனக்குக் கேட்டது. கொஞ்ச நேரம்தான். ஆனால் கேட்டது.

கீழே இவளுடைய பேக்கரி அடுப்பு வர வர சரியில்லை. கருகல் நாற்றம் மாடி வரைக்கும் வருகிறது. ஜன்னலைத் திறந்து, "ரொட்டி கருகுது, கவனி!" என்று கத்தினேன். மாவுக் கையோடு ஏறி வந்து, "அடுப்பே இன்னும் பத்த வைக்கல. உங்க மூக்கக் கொண்டுபோய் எங்கயாவது காட்டுங்க" என்று சண்டை போட்டுவிட்டுப் போனாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


பிப்ரவரி 17

அன்புள்ள வாலுவுக்கு,

முட்டிவலி தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. மற்றபடி சுகம். உனக்கு மேடை கிடைத்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன். ஒரு அம்மாள், "அப்படியா, என் மூக்குக் கண்ணாடி எப்ப ரெடியாகும்?" என்று கேட்டாள். உலகம் அவ்வளவுதான்.

மேல் வரி உனக்குக் கேட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. சின்ன வயதில் பாதி ராகத்தை நீயே கற்பனை செய்து வாசித்துவிட்டு, தாளில் அப்படித்தான் இருக்கிறது என்று சாதிப்பாய். கேட்டதை எழுதி அனுப்பு. நம் பழைய பியானோ என் முன்னறையில் துணி மடித்து வைக்கிற மேசையாக இருக்கிறது. துணியை எடுத்துவிட்டு வாசித்துப் பார்க்கிறேன்.

அடுப்பு பற்றவைக்காமலே கருகல் வாசனை வந்ததா? எத்தனை தரம்? சும்மாதான் கேட்கிறேன். அவளோடு சண்டை போடாதே. ரொட்டி கிடைக்காமல் போய்விடும்.

ஆசிகளுடன்,
அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். நான் சுகத்துக்கும் மேலே இருக்கிறேன்!

மெட்டு தினமும் வருகிறது. முன்பு வாசித்தால்தான் கேட்டது. இப்போது மூடியைச் சாத்திவிட்டுக் குளிக்கப் போனாலும் கூடவே வருகிறது. அழகு என்றால் அப்படி ஒரு அழகு. யாரோ பக்கத்து அறையில் என் ஒருவனுக்காக மட்டும் வாசிக்கிற மாதிரி. வயலினா, குரலா என்று சொல்லத் தெரியவில்லை. சோகமான மெட்டும் இல்லை. கேட்டுக்கொண்டிருக்கும்போது எனக்குக் கண்ணில் நீர் வந்துவிடுகிறது.

ஒரே தொல்லை, எழுத முடியவில்லை. பென்சிலை எடுத்தால் நழுவிவிடுகிறது. கீழே வைத்தால் வந்துவிடுகிறது. கண்ணாமூச்சி ஆடுகிறது.

ஆனால் இது கிழவருடையதுதான் என்பதற்கு ஆதாரம் கிடைத்துவிட்டது, கேள். சங்கத்தின் நூலகத்தில், கிழவரிடம் வேலை பார்த்த சமையல்காரர் பிற்காலத்தில் சொன்ன நினைவுகளை அச்சடித்து வைத்திருக்கிறார்கள். கடைசி வருஷத்தைப் பற்றி அவர் சொல்கிறார்: 'ஐயா நடக்கும்போது இடது தோளைக் கதவு நிலையில் இடித்துக்கொள்வார். எந்தக் கதவாக இருந்தாலும் இடதுதான். அடுப்பில் ஒன்றும் இல்லாதபோது, கருக விட்டுவிட்டாய் என்று என்னைத் திட்டுவார். பாதித் தட்டை அப்படியே வைத்துவிட்டு, இன்னும் போடு என்பார்.'

படித்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. போன வாரம் நான் குளியலறைக் கதவில் இடித்துக்கொண்டேன். அதற்கு முந்தின நாள் மாடிப்படிக் கைப்பிடியில். இரண்டும் இடது தோள்! கருகல் வாசனையைப் பற்றி உனக்கு ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். எத்தனை பேராசிரியர்கள் கூட்டிக் கழித்தார்கள், ஒருவனுக்காவது அவர் மூக்கில் ஏறிய வாசனை ஏறியதா? அவர் என்னைத் தேடிப் பிடித்துவிட்டார், அக்கா.

பார், எழுதும்போதே மெட்டு வருகிறது. நிறுத்துகிறேன்.

உன் தம்பி


மார்ச் 15

அன்புள்ள தங்கைக்கு,

உன் உடம்பும் பேக்கரி வேலையும் நலமா? இந்தக் கடிதத்தைப் பேக்கரி முகவரிக்கு அனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. என் தம்பி மாடியில் இருக்கும்போது கீழே நின்று படி.

நான் டாக்டர் இல்லை. கண் சோதித்துக் கண்ணாடி கொடுக்கிறவள். ஆனால் அந்த வேலையில்தான் என் முடி நரைத்திருக்கிறது. அவன் போன வருஷம் எழுதிய கடிதங்களில் தாளின் இடது ஓரத்தில் ஒரு விரல் அகலம் காலியாக இருக்கும், எல்லோருக்கும் இருக்கிற மாதிரி. பிப்ரவரிக் கடிதத்தில் அதைவிட அதிகம். நேற்று வந்த கடிதத்தில் தாளின் பாதி வெள்ளையாக இருக்கிறது. எழுத்தெல்லாம் வலது பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. தாள் முழுவதையும் நிரப்பியதாகத்தான் அவன் நினைத்துக்கொண்டிருப்பான்.

நீ கொஞ்சம் கவனித்து எழுத வேண்டும். சாப்பிடும்போது தட்டின் இடது பக்கத்தைத் தொடுகிறானா? தெருவைக் கடக்கும்போது இடது பக்கம் வருகிற வண்டியைப் பார்க்கிறானா? நீ இடது பக்கமாக வந்து நின்றால் திடுக்கிடுகிறானா?

அவனிடம் ஒன்றும் கேட்காதே. எனக்குப் பயமாக இருக்கிறது, அம்மா. வேறு யாரிடம் சொல்ல?

அன்புடன்,
அண்ணி


மார்ச் 28

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நான் இருக்கிறேன். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. நீங்கள் கேட்டதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று இத்தனை நாள் எடுத்துக்கொண்டேன். முதல் நாளே தெரிந்துவிட்டது. அதை எழுதத்தான் தைரியம் வரவில்லை.

தட்டில் வலது பாதியைத்தான் சாப்பிடுகிறார். "உருளைக்கிழங்கு வைக்கலையா?" என்கிறார். கிழங்கு இடது பக்கம் இருக்கிறது. தட்டைச் சுற்றித் திருப்பி வைத்தேன். "இப்பதான் வச்சியா?" என்று சாப்பிட்டார். நான் உள்ளே போய் அழுதுவிட்டு வந்தேன்.

நேற்று சைக்கிள் ஒன்று அவரை உரசிக்கொண்டு போனது. சைக்கிள்காரர் மணி அடித்துக்கொண்டேதான் வந்தார். வாசிக்கக் கற்றுக்கொள்ள வரும் பெண் ஒருத்தி, "சார் என்னைப் பாக்கவே மாட்டேங்கறாரு ஆன்ட்டி, பக்கத்துலதான் உக்காந்திருக்கேன்" என்று என்னிடம் வந்து அழுதாள்.

கருகல் வாசனை என்று சொல்லும்போதெல்லாம் நானும் அடுப்பை ஓடி ஓடிப் பார்த்தேன், அண்ணி. பேக்கரிக்கு மேலே குடியிருக்கிற மனுஷன் கருகல் என்றால் யாருக்கு வேறு நினைப்பு வரும்? அடுப்பு ரிப்பேர்காரரைக்கூட இரண்டு தரம் கூப்பிட்டேன். அடுப்பில் ஒரு குறையும் இல்லை என்று அவர் சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

டாக்டர் என்று வாயெடுத்தாலே, "அக்டோபர் முடியட்டும்" என்கிறார். எப்படி அழைத்துப் போவது? நீங்கள்தான் ஒரு வழி சொல்ல வேண்டும்.

உங்கள் தம்பி மனைவி


ஏப்ரல் 4

அன்புள்ள வாலுவுக்கு,

சுகம். நீயும் சுகமாக இருப்பாய்.

சமையல்காரர் சொன்னதைப் படித்தேன். சுவாரசியமாக இருந்தது.

கடைக்குப் புதுக் கண்ணாடிச் சட்டங்கள் வந்திறங்கியிருக்கின்றன. மேடையில் உட்காரும்போது இப்போது போட்டிருக்கிற அந்தப் பழைய கண்ணாடியோடு உட்கார்ந்தால் என் தொழிலுக்கே அவமானம். ஒரு நடை வந்து போ. கண்ணைச் சோதித்து, சுரங்கள் பளிச்சென்று தெரிகிற மாதிரி ஒன்று செய்து தருகிறேன். மெட்டை எழுத முடியவில்லை என்றாயே, கண்ணாடி பழசானதால்கூட இருக்கலாம். அவளையும் கூட்டிக்கொண்டு வா. பியானோ மேல் இருந்த துணியை எடுத்துவிட்டேன்.

அவ்வளவுதான். வேறு விசேஷம் இல்லை.

அக்கா


மே 2

அக்காவுக்கு,

சுகமா என்று கேட்க மனம் வரவில்லை. நீயும் என்னைக் கேட்க வேண்டாம்.

புதுக் கண்ணாடி என்று சொல்லி வரவழைத்தாய். நானும் பல்லை இளித்துக்கொண்டு வந்தேன். என் மூக்கைப் பார் என்றாய், பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "ஆரம்பிக்கலாமே, என்ன யோசிக்கற?" என்றேன். நீ விளக்கைப் போட்டாய். அத்தனை நேரமும் நீ என் இடது பக்கத்தில் விரலை ஆட்டிக்கொண்டிருந்தாய் என்று இவள் ரயிலில்தான் சொன்னாள். அதற்குள் நீ எழுதிக்கொடுத்த சீட்டோடு ஆஸ்பத்திரி, படம், இன்னொரு படம், பெரிய டாக்டர் என்று எல்லாம் ஆகிவிட்டது. என்னைத் தவிர எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. கூட்டிக்கொண்டுபோய்க் கசாப்புக் கடையில் விட்ட மாதிரி இருக்கிறது.

தலைக்குள் வலது பக்கம் ஒரு கட்டியாம். உடனே எடுக்க வேண்டுமாம். "இந்தப் பாட்டு, வாசனை எல்லாம் அது பண்ற வேலைதான்" என்றார் டாக்டர். "எடுத்தால் பாட்டு போயிடுமா?" என்று கேட்டேன். "போகணும், அதுக்குத்தானே எடுக்கறோம்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ என் இடத்தில் இருந்து யோசித்துப் பார். வாழ்க்கை முழுக்க மற்றவன் எழுதியதை வாசித்துவிட்டு, பிள்ளைகளுக்கு அதையே சொல்லிக்கொடுத்துவிட்டு, கடைசியில் ஒருநாள் யாருக்கும் கேட்காத ஒன்று எனக்குக் கேட்கிறது. அதை எழுதுவதற்குள் வெட்டி எறியச் சொல்கிறாய். கட்டியோ கல்லோ, அது எங்கிருந்து வருகிறது என்பதில் எனக்கு அக்கறை இல்லை. மெட்டைத் தாளில் இறக்காமல் கத்திக்குக் கீழே படுக்க மாட்டேன். இவள் அழுது பார்த்துவிட்டாள். நீ அழாதே, பார்க்க நன்றாக இருக்காது.

தம்பி


மே 9

என் அருமை வாலுவுக்கு,

உன் கோபம் நியாயம். உன்னிடம் சொல்லாமல் செய்தேன். மறுபடி அதே நிலைமை வந்தால் மறுபடியும் செய்வேன். அன்றைக்கு என் விரல் உன் காதுக்குப் பக்கத்திலிருந்து மெதுவாக முன்னே வந்துகொண்டே இருந்தது. மூக்குக்கு நேரே வரும் வரைக்கும் நீ அசையவில்லை. எத்தனையோ பேருக்கு இந்தச் சோதனை செய்திருக்கிறேன். அன்றைக்கு அதற்கு மேல் தொடர என்னால் முடியவில்லை. விளக்கைப் போட்டது உனக்காக இல்லை, எனக்காக.

சரி, சண்டை போதும். ஒரு பேரம். பென்சில் எடுத்தால் மெட்டு ஓடிப்போகிறது என்றால் நீ பென்சிலை எடுக்காதே. நான் வருகிறேன். நீ கண்ணை மூடிக்கொண்டு பாடு, நான் எழுதுகிறேன். சுரம் எழுதத் தெரிந்தவள் நம் வீட்டில் நான் ஒருத்திதான் மிச்சம். எழுதி முடித்ததும் நீ வாசித்துப் பார்த்து, இதுதான் என்று சொன்னால், மறுநாளே ஆஸ்பத்திரி. சம்மதமா?

நீ எனக்கு வேண்டும், அவ்வளவுதான். மெட்டில்லாத தம்பியாக இருந்தாலும் வேண்டும்.

வெள்ளிக்கிழமை வண்டியில் வருகிறேன்.

அக்கா


மே 27

அன்புள்ள தங்கைக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். கையில் கொடுத்தனுப்பிய ரொட்டி இன்னும் மிருதுவாக இருக்கிறது. ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைத்துவிட்டது என்று நீ சொல்லி அனுப்பியதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

கிளம்பும்போது உன்னிடம் சொல்லாமல் வந்ததை இப்போது சொல்லிவிடுகிறேன். அந்தக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் இருந்தோமே, அங்கே என்ன நடந்தது தெரியுமா? அவன் கண்ணை மூடிக்கொண்டு பாடினான். முகத்தைப் பார்த்தால் கோயில் விளக்கு மாதிரி இருந்தது. ஆனால் பாடியது மெட்டே இல்லை. ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே. அடுத்த தரம் வேறு சுரம். "இப்ப கேட்டியா? எவ்வளவு அழகா திரும்புது பாத்தியா?" என்று கேட்பான். "கேட்டேன்டா, எழுதிட்டேன்" என்பேன். அவனுக்குள் கேட்பது வாய் வழியாக வெளியே வரவில்லை. கிழவருக்கும் வந்திருக்காது. புதிருக்கு விடை அதுதான் என்று நினைக்கிறேன். மேல் வரியை அவர் யாரும் கண்டுபிடிக்கட்டும் என்று காலியாக விடவில்லை. கேட்டது, எழுத முடியவில்லை, அதற்குள் முடிந்துவிட்டது. இந்த விடையை நான் எந்தச் சங்கத்துக்கும் எழுதப் போவதில்லை.

அதனால் நானே ஒரு மெட்டைப் போட்டேன், அம்மா. கீழ் இரண்டு வரியையும் பார்த்து, எங்கே இடம் இருக்கிறதோ அங்கே வைத்தேன். அவன் வாசித்துப் பார்த்தான். ரொம்ப நேரம் கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதுதான்" என்றான்.

இது உனக்கும் எனக்கும் மட்டும்.

அண்ணி


ஜூன் 24

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் முட்டிவலி தேவலையா? அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். தலையில் கட்டோடு, "என் சீப்ப எங்க வச்ச?" என்று கேட்டார். முடியே இல்லாத மனுஷன். சிரித்தோம், நர்ஸும் சிரித்தாள்.

பாட்டு நின்றுவிட்டது என்கிறார். வாசனையும் இல்லை. இடது பக்கம் பார்வை முழுதாகத் திரும்பாது, தலையைத் திருப்பிப் பார்க்கப் பழக்கிக்கொள்ள வேண்டும் என்றார்கள். பழகிக்கொள்கிறார். ஆனால் ரொம்ப அமைதியாக இருக்கிறார். "வீட்டுல எல்லாரும் காலி பண்ணிட்டுப் போன மாதிரி இருக்கு" என்றார் ஒரு தரம்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். எல்லாவற்றையும் எடுக்க முடியவில்லையாம். ஆழத்தில் கொஞ்சம் இருக்கிறதாம். வளராமலே இருந்தாலும் இருக்கலாம், வளர்ந்தால் பாட்டோ வாசனையோ முதலில் திரும்பும், உடனே அழைத்து வாருங்கள் என்றார். இவரிடம் சொல்லவில்லை. நீங்கள் முன்பு சொல்லாமல் செய்தது எனக்குப் பிடிக்கவில்லை, அண்ணி. இப்போது நானும் அதையே செய்கிறேன்.

அவர் கையாலேயே உங்களுக்கு எழுத வேண்டும் என்கிறார். தெம்பு வரட்டும்.

உங்கள் தம்பி மனைவி


நவம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகம்தானே? இத்தனை மாதம் என் கையெழுத்தைப் பார்க்காமல் நிம்மதியாக இருந்திருப்பாய். நான் நன்றாக இருக்கிறேன். தொப்பி போட்டுக்கொண்டு பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன். நான் பார்ப்பதே இல்லை என்று அழுதாளாமே, அந்தப் பெண்ணை வலது பக்கம் உட்கார வைத்துவிட்டேன். இனி அவளுக்குத் தப்பிக்க வழியில்லை.

கூட்டம் முடிந்தது. நானே வாசித்தேன். நீ எழுதிய மேல் வரியை ஒரு வயலின்காரர் வாசித்தார். முடிந்தபோது ரயில் ஓட்டுநர் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். இதுவரை வந்த விடைகளிலேயே நெருங்கிய விடை இதுதான் என்று சங்கத்தில் தீர்மானம் போட்டுவிட்டார்கள். பேராசிரியர் மட்டும், "இதில் ஒரு பெண் இருக்கிறாள்" என்றார். அந்த மனுஷன் வாழ்க்கையில் முதல்முறையாகச் சரியாகச் சொன்னார்.

பிடிபட்டாயா? எனக்கு அன்றைக்கே தெரியும், அக்கா. நான் கேட்டது அதுவல்ல. கார் கதவில் நசுங்கியதிலிருந்து உன் வலது சுண்டுவிரல் விரியாது. நீ எதை வாசித்தாலும் அது எட்டுகிற தூரத்துக்குள்தான் வாசிப்பாய். எழுதிய மெட்டும் அப்படியே. அந்த விரல் எட்டாத இடத்துக்கு அது ஒருமுறைகூடப் போகவில்லை. ஒவ்வொரு சுரத்திலும் நீ பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். என்னைக் கத்திக்குக் கீழே அனுப்புவதற்காக முட்டிவலியோடு ரயிலேறி வந்து, துணி மடிக்கிற கையால் ஒரு மெட்டே போட்டிருக்கிறாய் என்று நினைத்தபோது 'இது இல்லை' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 'இதுதான்' என்றேன். இத்தனைக்கும் பிறகு உயிரோடு இருப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. நிஜமாக இல்லை.

கிழவரின் மெட்டு போனது போனதுதான். எப்படி இருந்தது என்றுகூட நினைவில்லை.

ஒரு வேடிக்கை சொல்லி முடிக்கிறேன். முந்தாநாள் பியானோவை மூடிவிட்டு எழுந்தேன். உன் மெட்டு தானாகப் போய்க்கொண்டிருந்தது. நேற்றும் வந்தது. பயப்படாதே, இது உன்னுடையது. அவ்வளவு தடவை வாசித்த பாட்டு தலையில் ஓடத்தானே செய்யும்? எல்லோருக்கும் ஓடும். ஒரே ஒரு வித்தியாசம். நீ முடித்த இடத்தில் அது முடிவதில்லை. உன் சுண்டுவிரல் எட்டாத இடத்துக்கெல்லாம் ஏறிப் போகிறது. ரொம்ப அழகாக இருக்கிறது, அக்கா. நீ கேட்க வேண்டும்.

இவளிடம் சொல்லவில்லை. வீணாகக் கலங்குவாள்.

உன் தம்பி


நவம்பர் 7

என் அருமை வாலுவுக்கு,

நான் சுகம். உன் கடிதம் பார்த்து ரொம்பச் சந்தோஷம். பேராசிரியரைப் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். பிடிபட்டேன், ஒத்துக்கொள்கிறேன். தெரிந்துகொண்டே 'இதுதான்' என்றாயே, அதற்கு உன்னை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பாட்டு தலையில் ஓடுவது எல்லோருக்கும் உள்ளதுதான். எனக்கும் ஓடுகிறது.

கடையைக் கொஞ்ச நாள் சாத்திவிட்டு உன்னைப் பார்க்க வரலாம் என்று இருக்கிறேன். சும்மாதான். நாளைக் காலை வண்டியிலேயே கிளம்புகிறேன். இன்று ராத்திரி வண்டியில் உன் ஊருக்கு வருகிற ஒருவரிடம் இதை முன்னால் கொடுத்தனுப்புவது ஒரு சின்ன வேலைக்காக. நான் வந்து சேர்வதற்குள் எனக்கு இன்னொரு கடிதம் எழுதி மேசை மேல் வைத்திரு. பெரிய தாளாக எடுத்துக்கொள். எதை வேண்டுமானாலும் எழுது, பாட்டைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றி, உன் தொப்பியைப் பற்றி.

ஆனால் கையால் தடவிப் பார்த்து, தாளின் இடது ஓரம் எங்கே இருக்கிறதோ, அங்கிருந்து ஆரம்பி.

உன் அக்கா